நிலம் நிறையத் தாமிரம், கதிர் நிறையப் பதர்

ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல்மண்ணை, 15 செ.மீ. ஆழத்துக்கு மட்டும், நிறுத்துப் பார்க்க முடிந்தால் ஏறக்குறைய 20 லட்சம் கிலோ இருக்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் தாமிரம் என்பது மண்ணுக்குச் சாதாரண அளவு. அப்படியானால் அந்த உழவு மண்ணில் மட்டும் 40 கிலோ தாமிரம் கிடக்கிறது. அண்டாவும் குடமுமாக அடித்தால் ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும். அதே நிலத்தில் மூன்று டன் கோதுமை விளைகிறது என்று வையுங்கள். மணியும் வைக்கோலுமாகச் சேர்த்து அந்தப் பயிர் எடுத்துக்கொள்ளும் தாமிரம் 25 கிராம் அளவில்தான். உள்ளங்கையில் வைத்தால் நாலைந்து நாணயத்தின் கனம் தெரியும், அவ்வளவே.

வெறும் மணலாக இருந்து, கிலோவுக்கு 2 மில்லிகிராம்தான் தேறும் என்றாலும் 4 கிலோ இருக்கிறது. 160 போகத்துக்குப் போதும். ஆனாலும் உலகின் பல மூலைகளில் இப்படிப்பட்ட நிலத்தில் கோதுமையும் ஓட்ஸும் தாமிரம் கிடைக்காமல் பதராகிப் போயிருக்கின்றன. மணலில் மட்டும் என்றால் சமாதானம் சொல்லலாம். கருகருவென்று மக்கு நிறைந்த, பார்த்தாலே கை வைக்கத் தோன்றும் மண்ணிலும் இதுவே நடந்தது. ஆக, மண்ணில் எவ்வளவு தாமிரம் இருக்கிறது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையால் பயிருக்குப் பெரிய பயன் இல்லை. அது எந்த உருவில், எதன் பிடியில், வேருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான் விஷயம். கடந்த நூறாண்டு ஆய்வுகளை எடுத்து அடுக்கினால், எல்லாம் இந்த இடத்தையே வெவ்வேறு பக்கத்திலிருந்து சுற்றி வருவது தெரியும்.

முதலில் நோயைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தாமிரம் போதாத கோதுமை தூர் கட்டும் வரை பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்காது. பிறகு புதிதாக வரும் இலையின் நுனி வெளுக்கும். வெளுத்த நுனி காய்ந்து, பன்றிவால் போலச் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். அடியிலைகள் அப்போதும் பச்சையாகவே நிற்கும். தழைச்சத்துக் குறைவு கீழிலையில் தொடங்கி மேலே ஏறும்; இது தலைகீழ். கதிர் வெளிவந்த பிறகுதான் உண்மையான சேதம் தெரியும். மணி பிடித்த கதிர் கனத்தில் தலை சாயும். இந்தக் கதிர்கள் வெள்ளையாக, விறைப்பாக, நேராக நிற்கும். உருவிப் பார்த்தால் உமிதான். தண்டுக்கு உறுதி தரும் லிக்னின் உருவாகத் தாமிரம் உள்ள நொதி தேவை என்பதால், சில வயல்களில் கதிர் கனக்காமலேயே பயிர் படுத்துவிடுவதும் உண்டு.

பதருக்குக் காரணம் மகரந்தம். ஆஸ்திரேலியாவின் ராபின் கிரகாம் 1975இல் இதைத் தெளிவாகக் காட்டினார். தாமிரம் குறைந்த கோதுமையில் மகரந்தத் தூள் மலடாகிறது. அதில் மாவுச்சத்து சேர்வதில்லை. அயோடின் பட்டால் கறுக்க வேண்டியது கறுக்காமல் கிடக்கும். மகரந்தத் தாய்ச்செல்கள் பிளவுபடும் காலம் பயிர் பொதி கட்டும் காலம். அந்தச் சில நாட்களில் தாமிரம் எட்டவில்லையென்றால், பிறகு கொட்டினாலும் அந்தக் கதிர் போனது போனதுதான். பயிர் உயரமாக, பச்சையாக, பார்க்க அழகாக வளர்ந்து அறுவடையில் கைவிரிக்கும் மர்மம் இதனால் வருவது. கருவுறாத பூக்கள் வாய் திறந்தபடி நிற்பதால், எர்காட் பூஞ்சை நுழைய வழி கிடைக்கிறது என்பது ஒரு கூடுதல் தண்டனை. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ‘பார்க்’ என்ற கோதுமை ரகத்தில் தண்டு கறுத்துப் போகும் ஒரு பாக்டீரியா நோய் 1980களில் ஆராயப்பட்டது. அந்த நோய் தாமிரம் குறைந்த மண்ணைத் தேடிப் பிடித்ததுபோல அங்கேயே தலைகாட்டியது.

இந்தக் குறைபாடு ஒரு குறைபாடு என்று புரியவே வெகுகாலம் ஆயிற்று. நெதர்லாந்து, வட ஜெர்மனி, டென்மார்க் ஆகிய நாடுகளில் புதர்க்காடுகளையும் பீட் எனப்படும் பாதி மக்கிய தாவரப் படிவ நிலங்களையும் திருத்திச் சாகுபடிக்குக் கொண்டுவந்தபோது ஓட்ஸ் நுனி வெளுத்து வீணானது. புதிதாகத் திருத்திய நிலத்தில் வந்ததால் அதற்கு ‘நிலந்திருத்தல் நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். 1920களில் ஹூடிக்கும் அவருடைய சகாக்களும் மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட், இட்டால் நோய் தணிகிறது என்று கண்டார்கள். ஆனால் தாமிரத்தை அன்று யாரும் உணவாக நினைக்கவில்லை. மக்கில் ஏதோ நஞ்சு இருக்கிறது, துத்தம் அதை முறிக்கிறது என்பதே அப்போதைய விளக்கம். விளக்கம் தவறாக இருந்தும் வைத்தியம் பலித்தது. வேளாண்மை வரலாற்றில் இது ஒன்றும் புதிதல்ல. அட்லாண்டிக்கின் மறுகரையில், ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு மண்ணில், ஆலிசன், பிரையன், ஹன்டர் மூவரும் 1927இல் இதே மருந்தைச் சொன்னார்கள். அங்கே துத்தம் போடாத இடத்தில் பயிர் முளைத்தும் தேறவில்லை. உயர்தாவரங்களுக்குத் தாமிரம் இன்றியமையாதது என்று நீர்க்கரைசலில் வளர்த்து நிறுவியது 1931இல்தான்; ஆனா சோமர் ஒருபுறம், லிப்மன், மெக்கினி இருவரும் மறுபுறம்.

ஆஸ்திரேலியாவில் கதையை ஆடுகள் தொடங்கிவைத்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் பின்னங்கால் இழுத்துக்கொண்டு பிறந்த குட்டிகளுக்குத் தாய் ஆட்டின் தாமிரக் குறைவே காரணம் என்று 1937இல் பென்னட்ஸும் சாப்மனும் காட்டினர். மெரினோ ஆட்டுமயிர் சுருள் இழந்து கம்பிபோல நீண்டது. கறுப்பு ஆடுகளின் உரோமம் நரைத்தது. மேய்ந்த புல்லில் இல்லாதது கோதுமையிலும் இருக்காது அல்லவா? தென் ஆஸ்திரேலியாவில் ‘தொண்ணூறு மைல் பாலை’ என்று கைவிடப்பட்ட மணல்வெளி, தாமிரமும் துத்தநாகமும் கலந்த சூப்பர் பாஸ்பேட் போட்டதும் பயிர் நிலமாக மாறியது. அங்கே பாலை என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு மழை முழுக் காரணம் அல்ல. மண்ணில் சில கிராம் உலோகம் எட்டாமல் இருந்ததும் சேர்ந்தே காரணம்.

மணலும் பீட்டும் நேரெதிரான மண்கள். ஒன்றில் ஏறக்குறைய எதுவும் இல்லை, மற்றதில் மக்கைத் தவிர வேறில்லை. இரண்டிலும் ஒரே நோய் வருவதற்கு விடை வேதியியலில் இருக்கிறது.

தண்ணீரில் கரைந்த தாமிரம் இரட்டை நேர்மின் கொண்ட அயனி. இர்விங், வில்லியம்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1948இல் ஒரு வரிசையை வெளியிட்டார்கள். மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், தாமிரம், துத்தநாகம் ஆகிய உலோக அயனிகளைக் கரிமச் சேர்மங்களோடு விட்டால் எது எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்ற வரிசை. மாங்கனீசில் தொடங்கி ஏறிக்கொண்டே போய் உச்சியில் நிற்பது தாமிரம். துத்தநாகத்தில் மறுபடி இறங்கிவிடுகிறது. மக்கில் இருப்பவையோ கார்பாக்சில், பீனால், அமீன் எனக் கைநீட்டிக்கொண்டிருக்கும் தொகுதிகள். நண்டு இரண்டு கொடுக்காலும் கவ்வுவதுபோல அவை தாமிரத்தைக் கவ்வுகின்றன. கால்சியத்தைப்போலக் களிமண்ணின் விளிம்பில் தொற்றிக்கொண்டு, வேறொன்று வந்தால் இடம்விட்டுப் போகும் உறவு அல்ல இது. பீட் மண்ணில் தாமிரம் பஞ்சமாவதன் காரணம் இதுதான். இருக்கும் கொஞ்சத்தையும் மக்கு விட மறுக்கிறது. மணலில் பிடித்துவைக்கவும் ஆளில்லை, கொடுக்கவும் சரக்கில்லை.

செம்புக் குடத்தில் ஏறும் பச்சைக் களிம்பு காரத் தாமிர கார்பனேட். சுண்ணாம்பு மண்ணிலும் தாமிரம் அப்படித்தான் களிம்பாகப் படிந்து போகிறது என்று பலர் எழுதுகிறார்கள். சாதாரண வயலில் அதற்கு வாய்ப்பு அரிது. களிம்பு படியும் அளவுக்கு அயனி சேருமுன்பே மக்கும் இரும்பு ஆக்ஸைடும் அதைக் கவ்விவிடுகின்றன.

இனி மண்ணின் அமில, கார நிலையைக் காட்டும் பிஎச் என்ற பேச்சுக்கு வருவோம். பாடப்புத்தகம் சொல்வது எளிது: பிஎச் ஏறினால் தாமிரம் குறையும். கொலராடோவின் வில்லார்ட் லின்ட்சே வகுத்த சமன்பாட்டின்படி, பிஎச் ஓர் அலகு ஏறினால் கரைசலில் தனித்து நிற்கும் தாமிர அயனி நூறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். பிஎச் 6இலிருந்து 8க்குப் போனால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கணக்கு அப்படியே நடந்தால் நம்முடைய கார மண்ணில் ஒரு தானியமும் விளைந்திருக்கக் கூடாது.

ஆனால் விளைகிறது. இந்த இடத்தில்தான் மண்ணியல் நூல்கள் பலவும் அவசரமாகக் கடந்துபோகின்றன என்பது என் குறை. ஹாட்ஜ்சன், லின்ட்சே முதலியோர் 1960களின் நடுவில் மண்நீரைப் பிழிந்தெடுத்து அளந்தபோது, கரைந்திருந்த தாமிரத்தில் 98 விழுக்காட்டுக்கு மேல் கரிமச் சேர்மங்களோடு பிணைந்தே இருந்தது. தனித்த அயனி என்பது மிச்சசொச்சம். சமன்பாடு பேசுவது அந்த மிச்சத்தைப் பற்றி. பிஎச் ஏறும்போது மக்கின் ஒரு பகுதி கரையத் தொடங்குகிறது. கரைந்த மக்கு தான் கவ்விய தாமிரத்தையும் தோளில் சுமந்துகொண்டு மண்நீருக்கு வருகிறது. அதனால் தனித்த அயனி சரிந்தாலும் கரைந்த மொத்தத் தாமிரம் அந்த வேகத்தில் சரிவதில்லை. நிலத்துக்குச் சுண்ணாம்பு இட்டால் துத்தநாகமும் மாங்கனீசும் பயிரில் சட்டென்று குறைகின்றன, தாமிரம் அவ்வளவு குறைவதில்லை என்ற பழைய வயல் அனுபவத்துக்கு விளக்கம் இதில் கிடைக்கிறது.

தனித்த அயனியே கூடச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படவில்லை. சோவே குழுவினர் 1997இல் பல மண்களை அளந்து எழுதிய சூத்திரத்தில், பிஎச் ஓர் அலகுக்கு நூறு மடங்கு என்ற சரிவு இருபத்தைந்து மடங்கு அளவுக்குத் தளர்ந்திருந்தது. மண்ணில் உள்ள மொத்தத் தாமிரமும் கணக்கில் சேர்ந்துகொண்டது. தாமிரத்தைப் பொறுத்தவரை வீட்டுக்குப் பெரியவர் மக்குதான். பிஎச் அவரோடு கலந்து பேசி முடிவெடுக்கும் சம்பந்தி.

இதுவரை சொன்னதில் வேர் வரவே இல்லை. வந்தால் கணக்கு இன்னொரு முறை மாறும்.

தாமிரம் மண்ணில் நகராது என்றே சொல்லலாம். யூரியாபோலத் தண்ணீரோடு ஓடி வேரைத் தேடி வராது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். மேல்மண் காய்ந்தால், சத்து அங்கேயே இருந்தும் வேர் வேலை செய்யாது; மழை பொய்க்கும் ஆண்டில் தாமிரக் குறை அதிகமாகத் தெரிவது இதனால்தான். வேரோடு ஒட்டிய ஓரிரண்டு மில்லிமீட்டர் மண்ணில் நடப்பதே எல்லாம். அந்த மண்ணின் வேதியியலை வேரே மாற்றுகிறது. அம்மோனியம் எடுத்துக்கொள்ளும் வேர் அமிலம் விடும். நைட்ரேட் எடுத்தால் காரம் விடும். தெற்கு பிரான்சின் மோன்பெல்லியே பக்கத்தில் பழைய திராட்சைத் தோட்டங்களை அழித்து டியூரம் கோதுமை விதைத்த நிலங்களை இன்சிங்கே, பிரவென் முதலியோர் ஆராய்ந்தார்கள். பூஞ்சை நோய்க்காகத் துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைப் பல தலைமுறையாகத் தெளித்ததால் தாமிரம் ஏறிப்போன நிலங்கள் அவை. அமில மண்ணில் வளர்ந்த கோதுமை அதிகத் தாமிரம் குடித்து நலியும், சுண்ணாம்பு மண்ணில் தப்பிக்கும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. அமில மண்ணில் கோதுமை வேர் தன்னைச் சுற்றிய மண்ணின் பிஎச்சை இரண்டு அலகுக்கு மேலும் உயர்த்திக்கொண்டது. வேருக்கு அப்பாலுள்ள மண்ணின் பிஎச் ஒன்று, வேர் உணர்ந்த பிஎச் இன்னொன்று. இரண்டு வகை மண்ணிலும் வேருக்குள் போன தாமிரத்தில் எதிர்பார்த்த வித்தியாசம் காணவில்லை. சுண்ணாம்பு மண்ணில் ‘தப்பிய’ கோதுமையிலோ இலை நரம்பிடை வெளுத்து, இரும்புக் குறையின் அடையாளம் தெரிந்தது.

அந்த இரும்புத் தொடர்பு தற்செயல் அல்ல. புல்லினப் பயிர்களுக்கு மட்டும் ஒரு வித்தை உண்டு. ஜப்பானின் தகாகி 1976இல் ஓட்ஸ், நெல் வேர்களைக் கழுவிய நீரில் இரும்பைக் கவ்வும் ஒரு பொருளைக் கண்டார். பார்லியின் ஜப்பானியப் பெயரான ‘முகி’யிலிருந்து அதற்கு முகினிக் அமிலம் என்ற பெயர் வந்தது. இரும்புப் பசி எடுத்தால் புல்லின் வேர் இந்த அமிலத்தைக் கசியவிடும். அது மண்ணிலுள்ள இரும்பைக் கவ்விக்கொண்டு திரும்பி வர, வேர் இரண்டையும் சேர்த்தே உள்ளிழுக்கும். தூண்டிலில் மீன் மட்டும்தான் சிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. தாமிரத்தையும் இது நன்றாகவே கவ்வும். தாமிரம் குறைந்த மண்ணில் இது பயிருக்கு உதவி, மிகுந்த மண்ணில் உபத்திரவம். ரை என்ற தானியம் கோதுமை பட்டுப்போகும் நிலத்திலும் தாமிரத்தைத் தேடி எடுத்துப் பிழைப்பதை கிரகாம் 1970களில் காட்டினார். அந்தத் திறன் ரையின் ஐந்தாம் நிறப்புரியின் நீளக் கையில் இருக்கிறது. கோதுமைக்கு மாற்றினால் கூடவே வருகிறது. ரையும் கோதுமையும் சேர்ந்து பிறந்த டிரிட்டிகேலும் தாங்குகிறது. தாங்கும் வரிசையில் கோதுமை கடைசிப் பெஞ்சு. ஓட்ஸும் பார்லியும் அதற்கு அருகில்.

உள்ளே போன தாமிரமும் நினைத்த இடத்துக்குப் போகுமா என்பது தனிக் கதை. நெல்லில் ஓஎஸ்எச்எம்ஏ4 என்ற மரபணு தாமிரத்தை வேர்ச்செல்லின் குமிழறைக்குள் பூட்டிவைக்கிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பூட்டு தளர்ந்த ரகங்களில் மணிக்குப் போகும் தாமிரம் கூடுகிறது. கோதுமையில் லோனரகனும் சகாக்களும் மேற்கு ஆஸ்திரேலியாவில் கண்டது இன்னும் எளிமையானது, உழவருக்கு இன்னும் நெருக்கமானது. முதிர்ந்த இலை தன் தாமிரத்தை, தான் பழுக்கும் வரை விட்டுக்கொடுப்பதில்லை. தழைச்சத்தை வாரி இட்டால் இலை பழுப்பது தள்ளிப்போகும். குருத்துக்குப் போக வேண்டிய தாமிரம் அடியிலையிலேயே முடங்கும். யூரியா போட்டுப் பச்சை காட்டிய வயலில் பதர் கூடும் விந்தை இதுதான்.

துத்தநாகமும் வேரின் வாசலில் தாமிரத்தோடு மல்லுக்கட்டும். சவுத்ரியும் லோனரகனும் 1970இல் எழுதியபடி, தாமிரம் விளிம்பில் இருக்கும் மண்ணில் துத்தநாகம் மட்டும் இட்டால் கோதுமைக்குத் தாமிரக் குறை வந்து சேரும். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்று பழகிப்போன நாம், இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நெல் என்றதும் நிலம் நீரில் மூழ்குகிறது. வேதியியலும் கூடவே மூழ்கி வேறாகிறது. மூழ்கிய மண்ணின் வேதியியலை ஒழுங்குபடுத்தி எழுதியவர் இலங்கையர், ஃபீலிக்ஸ் பொன்னம்பெரும. பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபடி 1972இல் அவர் எழுதிய நெடுங்கட்டுரை இன்றும் மேற்கோளாகிறது. தண்ணீர் கட்டினால் அமில மண்ணின் பிஎச் ஏறும், கார மண்ணின் பிஎச் இறங்கும்; இரண்டும் நடுநிலைக்குப் பக்கத்தில் சந்திக்கும். இரும்பு, மாங்கனீசு ஆக்ஸைடுகள் கரைந்து தாங்கள் பிடித்து வைத்திருந்த தாமிரத்தை அவிழ்த்துவிடும். அது நெல்லுக்குக் கிடைக்கும் என்று பார்த்தால், பிராணவாயு தீர்ந்த சேற்றில் சல்பேட் சல்பைடாக மாறி, தாமிரத்தைக் கரையாத சல்பைடாக்கி அடக்கிவிடும். மொத்தத்தில் நீர் கட்டினால் தாமிரம் குறையும் என்பதே வழக்கமான முடிவு. சுவிட்சர்லாந்தின் வேபர், கிரெட்ஸ்மார் முதலியோர் 2009இல் இந்தக் கதையில் யாரும் எதிர்பாராத ஒரு காட்சியைச் சேர்த்தார்கள். ஜெர்மனியின் முல்டே ஆற்றங்கரை மண்ணை நீரில் மூழ்கவைத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, பாக்டீரியாக்களின் மேல் உலோகத் தாமிரம், உப்பாக அல்ல, நாம் குடத்தில் பார்க்கும் அதே செம்பு, நுண்துகளாகப் படிந்திருந்தது. பிறகுதான் அது சல்பைடாகியது. சேற்றில் கரையாமல் அடங்கிவிடும் என்று நாம் நினைத்தது துகளாக மிதந்து நகரவும் கூடும் என்று ஆயிற்று.

மலேசியா, இந்தோனேசியாவின் ஆழ்ந்த பீட் நிலங்களில் நெல் விதைத்தவர்கள், நெதர்லாந்து ஓட்ஸ் உழவர்கள் கண்ட அதே வெற்றுக் கதிரைக் கண்டார்கள். மக்கிலிருந்து வரும் பீனால் சேர்மங்களும் அங்கே பங்காளிகள் என்பதால் முழுப் பழியையும் தாமிரத்தின் மேல் போட முடியாது. துத்தம் கொடுத்தால் மணி பிடிப்பது கூடுகிறது என்ற அளவில் அதன் பங்கு உறுதி.

அதிகத் தாமிரத்தின் பக்கம் சட்டென்று பார்த்துவிடலாம். மில்லார்தே 1885இல் போர்டோ கலவையை அறிவித்தது முதல் திராட்சை நிலங்களில் துத்தம் சேர்ந்துகொண்டே வருகிறது. ஐரோப்பிய மேல்மண்ணில் சராசரியாகக் கிலோவுக்கு ஏறக்குறைய 17 மில்லிகிராம் தாமிரம், திராட்சைத் தோட்டங்களில் 49 என்று 2018இல் வெளியான வரைபடம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஏழாண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று மருந்துத் தாமிரத்துக்கு வரம்பு கட்டியிருக்கிறது. ஆனால் எவ்வளவு சேர்ந்தால் தானியம் நோகும்? ரூனி குழுவினர் 2006இல் ஐரோப்பாவின் பல மண்களில் பார்லி வேர் நீள்வதை அளந்தார்கள். வேர் வளர்ச்சி பாதியாகக் குறையக் கிலோவுக்கு 36 மில்லிகிராம் போதும் என்றது ஒரு மண். இன்னொரு மண்ணில் 536 வரை தேவைப்பட்டது. ஒரே பயிர், ஒரே உலோகம், பதினைந்து மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத் தனியாக நன்றாக விளக்கியது பிஎச் அல்ல, மண்ணின் நேரயனிப் பரிமாற்றத் திறன். களிமண்ணும் மக்கும் சேர்ந்து தருவது. ஆக, எத்தனை மில்லிகிராம் என்று நாட்டுக்கெல்லாம் ஒரே வரம்பு வைப்பது நிர்வாகத்துக்கு வசதி. பார்லிக்கு அது தெரியாது.

குறையை அளப்பதிலும் இதே இடக்குதான். செடியை அரைத்துப் பார்த்தால் தெரியாதா என்று தோன்றும். அடிலெய்டில் 1942இல் ஓட்ஸை ஆராய்ந்த பைப்பரும், பிறகு டென்மார்க்கில் ஸ்டீன்பியரும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். மிகவும் பட்டினி கிடந்த செடியில், ஓரளவு பட்டினி கிடந்த செடியைவிடத் தாமிரச் செறிவு கூடுதலாக இருந்தது. முதலாவது வளரவே இல்லை; இருந்த கொஞ்சம் சிறிய உடலில் செறிந்திருந்தது. இரண்டாவதற்குச் சிறிது கிடைத்ததும் வளர்ந்து, உள்ளதைப் பரப்பிக்கொண்டது. ஆய்வகத் தாளை மட்டும் பார்ப்பவர் நோயாளியை ஆரோக்கியசாலி என்று எழுதிவிடுவார். அதனால்தான் முழுச் செடியை விட்டு, புதிதாக விரிந்த இலையை மட்டும் எடுக்கிறார்கள். கோதுமையில் அந்த இலையில் கிலோவுக்கு 1.3 முதல் 1.5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பஞ்சம் என்பது ஆஸ்திரேலியக் கணக்கு.

மண் பரிசோதனைக்கு நம் நாட்டில் புழங்குவது லின்ட்சேயும் நார்வெலும் 1978இல் வெளியிட்ட, உலோகத்தைக் கவ்வும் டிடிபிஏ என்ற சேர்மத்தைக் கொண்டு செய்யும் முறை. பத்து கிராம் மண், இருபது மில்லிலிட்டர் கரைசல், இரண்டு மணி நேரம் குலுக்கல், வடிகட்டல். கரைசலின் பிஎச் 7.3; கார, சுண்ணாம்பு மண்களுக்கென்றே கட்டிய முறை அது. வேரின் வேலையைக் கண்ணாடிக் குடுவை இரண்டு மணி நேரத்தில் நடித்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நடிப்பு துத்தநாகத்துக்கு நன்றாகவே பொருந்தியது. அதற்கு மக்காச்சோள விளைச்சலை வைத்து எல்லை வகுத்தார்கள். தாமிரத்துக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று எழுதியபோது, இது தற்காலிகம் என்று அவர்களே குறித்தார்கள். அந்தத் தற்காலிகம் உலகம் சுற்றி, பல நாட்டுக் கையேடுகளில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

நம் ஊர் மண் வள அட்டையை எடுத்துப் பாருங்கள். 2015இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் 12 வரிகளில் தாமிரத்துக்கும் ஒரு வரி உண்டு. இந்திய அளவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைப் பார்த்த தொகுப்பு, துத்தநாகம் 36.5 விழுக்காடு மண்ணில் குறைவு, தாமிரம் 4.2 விழுக்காட்டில்தான் குறைவு என்கிறது. தமிழ்நாட்டில் தாமிரத்துக்குக் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் என்ற எல்லை வழக்கத்தில் இருக்கிறது, 0.2க்கு ஆறு மடங்கு. உங்கள் அட்டையில் 0.9 என்று இருந்தால், ஒரு கணக்கில் அது தாராளம், இன்னொரு கணக்கில் பஞ்சம். மண் அதே மண்தான். கரிமம் அரை விழுக்காட்டைத் தொடத் திணறும், பிஎச் 8ஐத் தாண்டும் நம் நிலங்கள் பலவற்றில் எந்த எல்லை பொருந்தும் என்று அட்டை சொல்லாது. அந்த நிலத்தில் அந்தப் பயிரை வளர்த்துத்தான் சொல்ல முடியும்.

குறை இருப்பது உறுதியானால் வைத்தியம் மலிவு. ஹெக்டேருக்குச் சில கிலோ மயில்துத்தத்தை மண்ணில் கலந்தால் போதும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பிரென்னன் தொடர்ந்து அளந்ததில், ஒருமுறை இட்டது 20, 30 ஆண்டுக்கும் பயிருக்கு உதவியது. அங்கே முதலாண்டைவிட, உழுது கலந்த அடுத்தடுத்த ஆண்டுகளில் பலன் கூடியதும் உண்டு. நகராத சத்து என்பதால் உரமணி விழுந்த இடத்தைச் சுற்றியே கிடக்கும். கலப்பைதான் அதை வேரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மேலே தூவிவிட்டு மழைக்குக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். நின்ற பயிரில் குறை தெரிந்தால் இலைவழித் தெளிப்பு ஒன்றே வழி. அதையும் கண்ணாடி இலை விரிந்து பொதி கட்டுவதற்குள் முடிக்க வேண்டும். துத்தக் கரைசலை அப்படியே தெளித்தால் இலை கருகும். சுண்ணாம்பு சேர்த்து அதன் அமிலத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் இருப்பவர் வயல் முழுவதும் தெளிக்க வேண்டியதில்லை. நடுவில் பத்தடி அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் தெளித்து, இரண்டு முனையிலும் குச்சி நட்டு வைத்தால் போதும். கதிர் முற்றியதும் பட்டைக்கு உள்ளிருந்து பத்துக் கதிர், வெளியிலிருந்து பத்து என்று பறித்து, உள்ளங்கையில் கசக்கி உமியை ஊதிவிட்டு மணியை எண்ணிப் பார்க்கலாம்.